அம்மாவின் கை எட்டும் உயரம்

டெல்லி மயூர் விஹார் முதல் ஃபேஸில் விடியற்காலை 5.30க்கு மோட்டார்கள் எழுந்துவிடும். முதலில் எதிர் பிளாக்கில் ஒன்று, அடுத்து எங்கள் படிக்கட்டுக்குக் கீழே மூன்று, பிறகு ‘பாக்கெட்’ என்கிற இந்தக் குடியிருப்பு முழுக்க. ஜல் போர்டு தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு வரும் நேரம் அது. அதை மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றிவிட்டால்தான் அன்றைய சமையல், குளியல், துணி எல்லாம். 1987ல் கரோல் பாக் வாடகை வீட்டை விட்டு இந்த டி.டி.ஏ. ஃப்ளாட்டுக்கு வந்ததிலிருந்து, மோட்டாரைப் போடுவதும் அணைப்பதும் அம்மாவின் வேலை. போடுவது பெரிய காரியமில்லை, வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே ஸ்விட்ச். அணைப்பதற்குத்தான் காது வேண்டும். டேங்க் நிரம்பி வழிகிற தண்ணீர் பைப்பில் இறங்கும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் நிறுத்த வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது வயது 76. காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. வலது தோள் இறுகிப்போய், கையை ஓர் அளவுக்கு மேல் தூக்க முடிவதில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள், இன்னும் சத்தம் கேட்கவில்லையே என்று டேங்கைப் பார்க்க மாடிப்படி ஏறியவள், வழிந்து வந்த தண்ணீரிலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எலும்பு தப்பியது. துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து நான் வந்து சேர்ந்தபோது, அம்மா கேட்ட முதல் கேள்வி: "மோட்டாரை அணைச்சுட்டாளாடி யாராவது?"

அன்று தோன்றிய யோசனைதான் இது. விளக்கு, விசிறி, மோட்டார், கீசர் எல்லாவற்றின் நிலையையும் ஒரே இடத்தில் காட்டி, அங்கிருந்தே இயக்கவும் விடுகிற ஒரு சுவர்ப் பலகை. கடைகளில் ‘ஸ்மார்ட் பேனல்’ என்று விற்கிறார்கள். விளம்பரப்படி ஒரு மாலையில் முடிகிற வேலை. எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. பலகையைச் சுவரில் மாட்டியது அரைமணி நேரம்தான். மீதி அத்தனை நாளும் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதிலும், அம்மாவுக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கொள்வதிலும் போயிற்று. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெற்றோர் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படி ஒரு வீட்டின் அனுபவம் மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

போன் ஏன் போதாது

டொரான்டோவில் இருக்கும் அண்ணன் முதலில் சொன்னது, பேசினால் கேட்கும் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வை என்று. அலெக்ஸா 2019லேயே ஹிந்தி கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அம்மாவின் ஹிந்தி காய்கறி வண்டிக்காரரோடு வளர்ந்த ஹிந்தி. அதில் பாதி வேலையைக் கை ஜாடையும் முகமும் செய்துவிடும். ஸ்பீக்கருக்கு முகம் தெரியாது. அடுத்து போன் ஆப். அம்மாவின் போன் பெரும்பாலும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும், கண்ணாடி பூஜை அலமாரியில். இரண்டும் ஒன்றுசேரும் நேரத்தில் டேங்க் இரண்டு தடவை நிரம்பிவிடும்.

போன் ஒருவருடையது, சுவர் வீட்டில் இருக்கிற எல்லோருடையதும். வேலைக்கு வரும் பெண்ணும், விருந்தாளியாக வந்த சித்தியும், இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்த பேரனும் கடவுச்சொல் இல்லாமல் போடக்கூடிய ஒன்று ஸ்விட்ச். நூறு வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் கை பழகிய இடம் அது. புதிய கருவி எதுவானாலும் அந்தப் பழக்கத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டை ஓரிடத்திலிருந்து இயக்கும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1975ல் ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் ஊரில் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தார், வீட்டு மின்கம்பி வழியாகவே சமிக்ஞை அனுப்பும் எக்ஸ்-10 முறையை உருவாக்கினார்கள். பின்னர் ஐரோப்பாவில் தனிக் கம்பி இழுத்துச் செய்யும் முறைகள் வந்து, கே.என்.எக்ஸ். என்ற ஒரே தரமாக இணைந்தன. பச்சை உறை போட்ட மெல்லிய கம்பி, அதில் 30 வோல்ட் அளவு நேர்மின்சாரம். கல் வைக்கும்போதே வரைபடத்தில் சேர்த்துவிட வேண்டும். சத்தர்பூர் பண்ணை வீடுகளுக்கும், இடித்துக் கட்டும் தென்டெல்லி பங்களாக்களுக்கும் அது சரி. நாற்பது வருஷப் பழைய சுவருக்குள் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டுமானால் வீட்டையே காலி செய்ய வேண்டும். எங்களுக்குக் கம்பியில்லாமல் பேசும் வகைதான் வழி.

பகீரத் பேலஸில் கேட்ட கேள்வி

சாமான் வாங்க சாந்தினி சௌக் போனேன். டெல்லியில் மின்சாமான் என்றால் பகீரத் பேலஸ்தான். செங்கோட்டைக்கு எதிரே, தலைக்கு மேல் கம்பிகள் வலையாகத் தொங்கும் சந்துகள். சந்துக்கு நடுவே நிமிர்ந்து பார்த்தால் கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்கள் தெரியும். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேகம் சம்ரு கட்டிக்கொண்ட மாளிகை. நாட்டியக்காரியாகத் தொடங்கி, சொந்தப் படை வைத்து சர்தனாவை ஆண்ட பெண். 1836ல் அவர் இறந்த பிறகு மாளிகை கை மாறியது. 1857ல் அங்கே டெல்லி வங்கி இருந்தது. பிற்பாடு வாங்கிய சேட் பகீரத் மல் பெயரே இடத்துக்கு நிலைத்தது. இன்று அந்தத் தூண்களுக்கு இடையில் எம்.சி.பி.யும் வயர் சுருளும் விற்கிறார்கள்.

1958ல் கீமத் ராய் குப்தா என்ற இளைஞர் இந்தச் சந்தையில் மின்சாமான் வியாபாரம் தொடங்கினார். 1971ல் ஹவேலி ராம் காந்தி என்பவரிடமிருந்து அவர் விலைக்கு வாங்கிய பெயர்தான் ஹாவெல்ஸ். நாடு முழுக்க வீட்டு ஸ்விட்சுகளில் பார்க்கிற பெயர் ‘ஹவேலி’யிலிருந்து வந்தது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. இதே சந்தையில் 2022 நவம்பர் 24 இரவு பிடித்த தீ நாட்கணக்கில் எரிந்து பல கடைகளைச் சாம்பலாக்கியது. நெருக்கமான கட்டடங்கள், குறுகிய வழிகள். மின்சாமான் வாங்கப் போகும் எல்லோரும் அந்தக் கருகிய சுவர்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று எனக்குப் பட்டது.

கடைக்காரர் வயதானவர். நான் படம் காட்டி, இந்த மாதிரி பேனல் வேண்டும் என்றேன். விலையோ நிறமோ பேசாமல் அவர் கேட்டது ஒன்றுதான்: "போர்டு மே நியூட்ரல் ஹை, பேட்டி?" மகளே, போர்டில் நியூட்ரல் இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. "பார்த்துவிட்டு வா, பணம் எங்கேயும் போகாது" என்று அனுப்பிவிட்டார். இந்த ஐந்து மாதத்தில் கிடைத்த ஆலோசனைகளில் மிக நல்லது அதுதான்.

விஷயம் இது. சாதாரண ஸ்விட்சுக்கு ஃபேஸ் கம்பி மட்டும் போதும். வரும் மின்சாரத்தை வெட்டுவது, சேர்ப்பது, அவ்வளவே அதன் வேலை. நியூட்ரல் கம்பி ஸ்விட்ச் பக்கம் வராமல் நேராக விளக்குக்குப் போய்விடும். ஆனால் பேனலும் ஸ்மார்ட் ஸ்விட்சும் குட்டிக் கணினிகள். விளக்கு அணைந்திருக்கும்போதும் அவை விழித்திருக்க வேண்டும், அதற்கு ஃபேஸும் நியூட்ரலும் இரண்டுமே வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் தானாக இருக்கும். வெறும் ஸ்விட்சுகள் மட்டும் உள்ள போர்டில் இருக்க வாய்ப்பு குறைவு. நியூட்ரல் தேவைப்படாத ஸ்விட்சுகளும் விற்கிறார்கள். அவை விளக்கின் வழியாகவே சொட்டு மின்சாரத்தை ஓடவிட்டு உயிர் வாழ்பவை. அணைத்த எல்.இ.டி. பல்பு ராத்திரி முழுக்க மங்கலாக மினுக்குவதும் உண்டு.

போர்டைத் திறந்த நாள்

எங்கள் மிஸ்திரி மதுபனிப் பக்கத்துக்காரர். இருபது வருஷமாக இந்த பாக்கெட்டில் மின்வேலை பார்க்கிறார். அம்மா அவரை ‘பையா’ என்பாள், அவர் அம்மாவை ‘மாதாஜி’ என்பார். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து மறுபடி ஒரு முறை சரிபார்த்து, ஹால் போர்டைக் கழற்றினார். உள்ளே சிவப்பும் கறுப்பும் பிரித்தறிய முடியாத பழைய அலுமினியக் கம்பிகள், டேப் சுற்றிய முடிச்சுகள். பச்சைக் கம்பி, அதாவது எர்த், பெட்டிக்குள் வந்து எதிலும் சேராமல் சுருண்டு கிடந்தது.

டெல்லிக்கு மின்சாரம் 1905ல் வந்தது, ஜான் ஃப்ளெமிங் நிறுவனத்தின் டீசல் நிலையம் வழியாக. அதன்பிறகு எத்தனையோ கைகள் மாறி, டெசு, வித்யுத் போர்டு என்று பெயர்கள் மாறி, 2002 ஜூலையில் விநியோகம் தனியார் பங்குதாரர்களிடம் போனது. மீட்டர் வரைக்கும் எவ்வளவோ மாற்றங்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள், அப்பா 1987ல் பார்த்த அதே கம்பி. இடையில் ஏ.சி. வந்தது, மைக்ரோவேவ் வந்தது, கீசர் வந்தது. 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் உச்சத் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டதே, அந்தச் சுமையில் எங்கள் பங்கையும் இந்தக் கம்பிதான் சுமந்திருக்கிறது.

மிஸ்திரி மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தினார். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இல்லை என்றால், யாரையோ எதையோ தொட்டுக் கசிகிறது என்று பொருள். உடனே துண்டித்துவிடும். பொருத்திய மறுவிநாடி அது விழுந்தது. தூக்கினால் மறுபடி விழுந்தது. அரை நாள் தேடி, குளியலறைக் கீசர் பாயின்ட்டில் எப்போதோ யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். எர்த் இல்லாத குறையை மறைக்கச் செய்த குறுக்குவழி. ஏதாவது ஒரு நாள் நியூட்ரல் அறுந்திருந்தால் கீசரின் உடம்பே மின்சாரமாக நின்றிருக்கும். எத்தனை குளிர்காலம் அம்மா அந்தக் குழாயைத் தொட்டிருப்பாள் என்று நினைத்து எனக்கு உட்கார வேண்டியிருந்தது. பேனல் பற்றிய பேச்சே எடுக்காமல் இரண்டு மாதம் போயிற்று. புதிய எர்த் குழி, தாமிரக் கம்பி, விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர். எங்கள் செலவில் பெரும்பகுதி இதுவே. பேனல் வாங்கும் ஆசையில் ஒரு வீட்டுக் கம்பி சரியானது என்றால், அந்த ஆசைக்கு அப்போதே பலன் கிடைத்துவிட்டது.

மோட்டாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான், கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். ஸ்மார்ட் ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்ன ரிலேயில் நேராகக் கொடுத்தால் சில மாதத்தில் அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். திரையில் ‘அணைந்தது’ என்று காட்டும், கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ரிலே, கான்டாக்டர் என்ற கனத்த ஸ்விட்சை இயக்க, கான்டாக்டர் மோட்டாரை இயக்குகிறது. டேங்கில் ஒரு மிதவை ஸ்விட்சும் உண்டு. நீர்மட்டம் மேலே வந்தால் அது நேரடியாகவே மோட்டாரை நிறுத்தும். பேனலையோ வைஃபையையோ அது கேட்பதில்லை. விசிறியிலும் ஒரு பாடம். விளக்கை மங்கச் செய்யும் டிம்மரை விசிறிக்குக் கொடுத்தால் ரீங்காரம் போட்டுச் சூடேறும். கெபாசிட்டர் படிகளில் வேகம் மாற்றும் விசிறி மாட்யூல்தான் வேண்டும்.

மூளை வீட்டுக்குள் இருக்கட்டும்

முதலில் ஒரு மலிவு டேப்லெட்டைச் சட்டம் அடித்துச் சுவரில் மாட்டினோம். நாள் முழுக்க சார்ஜில். மே மாத வெயில், பின்பக்கம் மேற்குச் சுவர். ஆறாவது வாரம் கண்ணாடி சட்டத்தைத் தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே லித்தியம் பேட்டரி உப்பியிருந்தது. பயத்தோடு கழற்றி பால்கனி மூலையில் மண் நிரப்பிய தொட்டியில் வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தோம். டேப்லெட் மாட்டுகிறவர்கள் சார்ஜரை ஒரு ஸ்மார்ட் பிளக் வழியாகக் கொடுத்து, 80 சதவீதத்தில் நிறுத்தி 20, 30க்கு இறங்கியதும் மறுபடி தொடங்கும்படி வைக்கலாம். நாங்கள் பேட்டரியே இல்லாத பேனலுக்கு மாறிவிட்டோம்.

இரண்டாவது தவறு என்னுடையது. ஒரு ராத்திரி 2 மணிக்கு மின்சாரம் போய் வந்தது. வந்ததும் வீட்டின் அத்தனை விளக்கும் பளீரென்று எரிய, அம்மா திருடன் என்று நினைத்து எழுந்துவிட்டாள். ஒவ்வொரு ஸ்மார்ட் ஸ்விட்சிலும் ‘மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது’ என்று ஓர் அமைப்பு உண்டு. பல கருவிகளில் அது ‘எரி’ என்றே வந்துசேரும். நான் அதைப் பார்க்கவில்லை. இப்போது விளக்குகளுக்கு ‘முன்பிருந்த நிலை’, கீசருக்கும் மோட்டாருக்கும் எப்போதும் ‘அணை’.

மின்வெட்டை நினைத்து இன்னொன்றும் செய்தோம். ரவுட்டர், பேனல், வீட்டுக் கணினி மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்து, இன்வெர்ட்டரை யு.பி.எஸ். நிலைக்கு மாற்றினோம். சாதாரண நிலையில் அது மாறிக்கொள்ள எடுக்கும் கணப்பொழுது விசிறிக்குத் தெரியாது, கணினி அணைந்து எழும்.

அந்தக் கணினிதான் எல்லாவற்றுக்கும் மூளை. உள்ளங்கை அளவுப் பெட்டி, புத்தக அலமாரியில் இருக்கிறது. அதில் ஓடுவது ஹோம் அசிஸ்டன்ட், 2013ல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய திறமூல மென்பொருள். 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. கடையில் விற்கும் பல பேனல்கள் வீட்டு விளக்கைப் போடவே கடல் கடந்த ஏதோ சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் போடும். இன்டர்நெட் நின்றால் பேனல் வெறும் கண்ணாடி. கம்பெனியே நின்றால்? 2016ல் ரிவால்வ் என்ற வீட்டு ஹப்பின் சர்வரை அதை வாங்கிய நெஸ்ட் மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் செத்த பெட்டி மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. ஒரு ஸ்விட்சின் ஆயுள் முப்பது வருஷம் என்று நினைக்கிற வீடு நம்முடையது. அம்மாவின் மோட்டார் எந்தக் கம்பெனியின் லாப நஷ்டத்தையும் நம்பி நிற்கக்கூடாது.

கருவிகளுக்குள் பேச்சுக்கு ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையை எடுத்துக்கொண்டோம். மின்சாரத்தில் நிற்கும் ஒவ்வொரு ஸ்விட்சும் அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும், தடித்த சுவர் உள்ள வீட்டுக்கு அது நல்லது. ஆனால் அதுவும் வைஃபை போலவே 2.4 கிகாஹெர்ட்ஸ். டெல்லியின் நெருக்கமான ஃப்ளாட்டில் போனைத் திறந்தால் இருபது வீட்டு வைஃபை பெயர்கள் தெரியும். எங்கள் வைஃபையை ஓர் ஓரத்துக்கும் ஜிக்பீயை மறு ஓரத்துக்கும் சேனல் மாற்றி வைத்த பிறகுதான் கட்டளைகள் தவறாமல் போய்ச் சேர்ந்தன. புதிதாக வாங்குகிறவர்கள் 2022ல் வந்த மேட்டர் தரத்தையும் பார்த்து வாங்கலாம், வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை ஒன்றாகப் பேசவைக்கும் முயற்சி அது.

‘மோட்டார்’ என்று தமிழில்

பேனலில் எழுத்து தமிழில் வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. சின்ன விஷயம் என்று நினைத்தேன். டேப்லெட்டுக்குப் பிறகு வாங்கிய, ஸ்விட்ச் பெட்டியிலேயே உட்காரும் குட்டித் திரையில் ‘மோட்டார்’ என்று எழுதினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிய்ந்து நின்றன. அந்த வகைத் திரைகளுக்கு எழுத்துகளை வரிசையாக ஒட்டத்தான் தெரியும். ‘மோ’ என்ற ஓர் எழுத்துக்கு மெய்க்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் நிற்க வேண்டும் என்ற கணக்கு அவற்றுக்குள் இல்லை. முதல் வகுப்புப் பிள்ளை எழுதுகிற எழுத்தை எழுதத் தெரியாத கருவியை இந்தியாவில் விற்கிறார்கள் என்பது எனக்கு நிஜமான வருத்தம். தமிழுக்கு மட்டுமல்ல, ஹிந்திக்கும் வங்காளத்துக்கும் அதே கதிதான். பிரௌசர் ஓடும் பெரிய திரைக்கு மாறியதும் தமிழ் ஒழுங்காக வந்தது.

என்ன வைப்பது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் வாரக்கணக்கில் பேச்சு. நான் முதலில் முப்பது பொத்தான்கள் வைத்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இது என்னடி, ரயில்வே டைம்டேபிள் மாதிரி?" என்றாள். இப்போது முதல் பக்கத்தில் ஐந்தே கட்டங்கள். ‘தண்ணி’ என்ற கட்டத்தில் டேங்க் படம், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நீலத்தில் தெரியும், தொட்டால் மோட்டார். நான் ‘பம்ப்’ என்று எழுதியிருந்ததை அடித்தது அவள்தான். ‘வெந்நீர்’ தொட்டால் கீசர் 20 நிமிஷம் ஓடித் தானே நிற்கும். ‘வாசல் லைட்’. ‘விசிறி’. ஐந்தாவது, ‘காத்து’.

அந்த ஐந்தாவது டெல்லிக்காகச் சேர்ந்தது. ஹாலில் ஒரு நுண்துகள் சென்சார் இருக்கிறது. இந்தியாவில் பி.எம். 2.5க்கான 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத்தரக் குறியீடு 494க்குப் போனது, அளவுகோலே 500ல் முடிகிறது. அம்மாவுக்கு எண்கள் வேண்டாம். பச்சை என்றால் ஜன்னலைத் திறக்கலாம், சிவப்பு என்றால் மூடிவிட்டு உத்தர குருவாயூரப்பன் கோயில் நடையையும் அன்று விட்டுவிட வேண்டும். சிவப்பானால் காற்று சுத்திகரிப்பான் தானே ஓடும். நவம்பரில் பல நாள் அந்தக் கட்டம் சிவப்பாகவே கிடக்கிறது. காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் அம்மா பார்ப்பது அதைத்தான்.

கேமரா விஷயத்தில் அண்ணனுக்கும் எனக்கும் மனஸ்தாபமே வந்தது. பேனலில் கேமராவும் மைக்கும் இருந்தன. அங்கிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாமே என்றான் அவன். அக்கறையில்தான் சொன்னான். நான் மறுத்தேன். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குச் செய்வதைத் தன் எல்லைக்குள் சேர்க்கவில்லை. ஆகவே அம்மாவைப் பிள்ளைகளிடமிருந்து அந்தச் சட்டம் காக்காது, நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஹாலில் தலை வாரிக்கொள்வதும், மத்தியானம் புடவைத் தலைப்பை விரித்துத் தரையில் படுப்பதும், அப்பா படத்தின் முன் நின்று பேசுவதும் அம்மாவின் சொந்த விஷயங்கள். வேலைக்கு வரும் பெண்ணுக்கும் தன்னை யாரும் படம் பிடிக்காத இடத்தில் வேலை செய்ய உரிமை உண்டு. அம்மாவையே கேட்டோம். "என்னைப் பாக்கணும்னா வந்து பாருங்கோ" என்றாள். கேமராவுக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டி, மைக்கையும் அமைப்பில் அணைத்தாயிற்று. அதற்குப் பதில் ஒரே ஓர் ஏற்பாடு: காலை 8 மணிக்குள் பேனலில் எதுவுமே தொடப்படவில்லை என்றால் எங்கள் இருவர் போனுக்கும் ஒரு செய்தி வரும். அதையும் அம்மா ஒப்புக்கொண்ட பிறகுதான் வைத்தோம். இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டு முறையும் அவள் எதிர்வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள்.

இடம் பார்ப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையலறைச் சுவர் வேண்டாம், தாளிப்பு எண்ணெய் படியும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் கண் கூசும். மழையில் ஈரம் ஊறும் சுவர் ஒன்று இந்த ஃப்ளாட்டுகளில் கட்டாயம் இருக்கும், இங்கே அதைச் ‘சீலன்’ என்பார்கள், அங்கே மின்சாரப் பெட்டியே கூடாது. மிச்சமிருந்தது ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் வழிச்சுவர். மிஸ்திரி பழக்கப்படி, மற்ற போர்டுகளின் உயரமான நாலரை அடியில் பென்சிலால் கோடு போட்டார். அம்மா போய்க் கையைத் தூக்கிப் பார்த்தாள். தோள் பாதியில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல, பழகிடும்" என்றாள். எழுபது வருஷமாக எல்லாவற்றுக்கும் சொல்லிவந்த வார்த்தை அது. மிஸ்திரி ஒன்றும் சொல்லாமல் அந்தக் கோட்டை ஈரத்துணியால் துடைத்தார். "மாதாஜி, கையை வலிக்காத இடத்தில் வையுங்கள்" என்று, அவள் விரல் தொட்ட இடத்தில் புதுக் கோடு போட்டார். தரையிலிருந்து மூன்றேகால் அடி. அங்கேதான் ஜிர்ரி வெட்டி, நம் ஊரில் காடி எடுப்பது என்போமே அதைச் செய்து, பெட்டியைப் பதித்தார். பழைய ஸ்விட்சுகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பேனல் செத்தாலும் கையால் போட்டால் எரியும், கையால் அணைத்தால் அணையும்.

மாட்டிய மறுநாள் காலை 5.30க்கு நான் அங்கேயே இருந்தேன். எதிர் பிளாக் மோட்டார் கிளம்பியது. அம்மா கண்ணாடியில்லாமலே போய் ‘தண்ணி’யைத் தொட்டாள். நீலம் ஏறுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் காபி போடப் போனாள். டேங்க் நிரம்பியபோது மோட்டார் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

போன மாதம் மேல்மாடிப் பஞ்சாபி ஆன்ட்டி வந்து பார்த்தார். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், வீட்டுக்குள் பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். தமிழ் தெரியாவிட்டாலும் டேங்க் படத்தைத் தொட்டுக் காட்டி, "யே பானி?" என்று கேட்டுக்கொண்டார். அம்மா எல்லாவற்றையும் தன் ஹிந்தியில் விளக்கிவிட்டு, முதலில் போர்டில் நியூட்ரல் இருக்கிறதா பாருங்கள் என்றும் சொன்னாள். சனிக்கிழமை மிஸ்திரி அவர் வீட்டுப் போர்டைத் திறந்து பார்த்தார். எங்கள் வீட்டைப் போலவே அங்கேயும் பச்சைக் கம்பி எதிலும் சேராமல் சுருண்டு கிடந்தது. அதை முதலில் சரி செய்ய வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு, இடத்தை மட்டும் இப்போதே குறித்துவைப்போம் என்று பென்சிலை எடுத்தார். அளவு டேப்பைப் பிரிக்கவில்லை. ஆன்ட்டியின் நாற்காலியைச் சுவருக்குப் பக்கத்தில் தள்ளி நிறுத்தி, கையை நீட்டச் சொன்னார்.